தனித்தாள் மட்டும் போதாது

அன்புள்ள நண்பா,

வணக்கம். உங்கள் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுவுக்கு நீ தலைமை ஏற்றிருக்கும் செய்தி அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். நீடித்த வளர்ச்சி குறித்து எல்லாத் துறை மாணவர்க்கும் பொதுவாக முதலாண்டில் ஒரு கட்டாயத் தாள் வைத்துவிடலாம் என்று குழுவினர் கருதுவதாக எழுதி, என் கருத்தைக் கேட்டிருந்தாய். வீட்டில் எல்லோரும் நலம் என்பதை மட்டும் சொல்லிவிட்டு நேரே அதற்கு வருகிறேன்.

தனித்தாள் வீண் என்று நான் சொல்லமாட்டேன். மாணவர் போராட்டத்துக்குப் பிறகு 2022இல் பார்சிலோனா பல்கலைக்கழகம் காலநிலை நெருக்கடி பற்றிய பாடத்தை எல்லா மாணவர்க்கும் கட்டாயமாக்க இசைந்ததை நான் வரவேற்றேன். ஆனால் அந்த ஒரு தாளோடு கடமை முடிந்தது என்று மற்றத் துறைகள் ஒதுங்கிக்கொண்டால், மாணவர் ஒரு பருவத்தில் படித்துத் தேறியதற்கு நேர்மாறானதை அடுத்த ஐந்து பருவங்களில் தம் சொந்தத் துறையிலேயே கற்பார்கள். சுற்றுச்சூழல் கல்வி பல துறைகளையும் தழுவியதாக இருக்க வேண்டும் என்று 1977இல் ஜார்ஜியாவின் திபிலீசியில் நடந்த சுற்றுச்சூழல் கல்வி மாநாடு சொன்னது. 1990இல் பிரான்சின் தல்லுவாரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் நீடித்த வளர்ச்சிக்கெனப் பத்து அம்சச் செயல்திட்டமே வகுத்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் தனித்தாளிலேயே நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

என் வேதியியலிலிருந்தே தொடங்குகிறேன். சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும் சமன்பாட்டை நாம் மாணவராக இருந்த காலத்திலிருந்து கரும்பலகையில் எழுதி வருகிறோம். 100 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டிலிருந்து 44 கிராம் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும் என்று கணக்கிட்டு, விடைக்குக் கீழே கோடிட்டு முடித்துவிடுவோம். இப்போது நான் அங்கே முடிப்பதில்லை. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏழு அல்லது எட்டு விழுக்காடு சிமென்ட் தொழிலிலிருந்து வருகிறது என்பதையும், அதில் பாதிக்கும் மேற்பட்டது எரிபொருளிலிருந்து அல்லாமல் இந்த வினையிலிருந்தே எழுகிறது என்பதையும் சொல்லி, சூளையை முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயக்கினால் எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கிறேன். சமன்பாடு அதேதான், கூடுதல் நேரமும் அதிகமில்லை. ஆனாலும் வகுப்பு அதன்பின் தானாகவே மாற்று மூலப்பொருள்களையும் கட்டட வடிவமைப்பையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது.

எங்கள் பொருளியல் துறையில் ஒருவர் கழிவு வீதத்தை, அதாவது வருங்காலத் தொகையின் இன்றைய மதிப்பை அறிய ஆண்டுதோறும் குறைத்துக்கொள்ளும் விழுக்காட்டை, நடத்தும் முறை எனக்கு இன்னும் பிடிக்கும். நூறு ஆண்டுகள் கழித்து நேரப்போகும் 100 கோடி இழப்பின் இன்றைய மதிப்பைக் கணக்கிடச் சொல்கிறார். ஆண்டுக்கு 1.4 விழுக்காடு என்று கொண்டால் அது ஏறத்தாழ 25 கோடி. 5 விழுக்காடு என்று கொண்டால் ஒரு கோடியைக்கூட எட்டாது. காலநிலை மாற்றத்தின் பொருளியல் பற்றி 2006இல் வெளிவந்த ஸ்டெர்ன் அறிக்கை குறைந்த வீதத்தைக் கொண்டதையும், பொருளியலறிஞர் வில்லியம் நார்ட்ஹாஸ் அதை மறுத்ததையும் இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்கும் மாணவர்கள், இன்னும் பிறவாதவர்களின் நலனுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற அறக்கேள்வி சூத்திரத்துக்குள்ளேயே இருப்பதைக் கண்டுகொள்கிறார்கள். எந்த வீதம் சரி என்று அவர் தீர்ப்புச் சொல்வதில்லை. அதுவே முறையென்று நானும் கருதுகிறேன். முடிவை ஆசிரியரே ஊட்டிவிட்டால் அது பரப்புரையாகிவிடும்.

உன் குழு இதைவிடக் கூடுதல் கவனம் செலுத்த வேண்டிய இடம் தேர்வு. கற்றல் நோக்கமும் கற்பித்தலும் மதிப்பீடும் ஒன்றோடொன்று இசைந்திருக்க வேண்டும் என்று கல்வியியலறிஞர் ஜான் பிக்ஸ் வற்புறுத்தியதை நீ அறிவாய். நீடித்த வளர்ச்சிக் கல்விக்கென யுனெஸ்கோ 2017இல் வகுத்த திறன்களில் அமைப்புகளை முழுமையாகக் காணுதல், எதிர்காலத்தை முன்னுணர்தல், கூடிச் செயல்படுதல் ஆகியவை உண்டு. ‘வரையறு’, ‘குறிப்பு வரைக’ என்னும் வினாக்களால் இவற்றை எப்படி அளப்பது? வளாகத்தின் மின்கட்டணம், கழிவுநீர், போக்குவரத்து ஆகியவற்றை வெவ்வேறு துறை மாணவர்கள் சேர்ந்து ஆராய்ந்து நிர்வாகத்தின்முன் அறிக்கை வைக்கட்டும்; அதற்கு அகமதிப்பீட்டில் உரிய மதிப்பெண் கொடுங்கள்.

ஆசிரியர்கள் தயங்குவார்கள். பாடச்சுமை ஏற்கெனவே அதிகம் என்பது நியாயமான முறையீடு. ஆகவே எதையும் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லாதே. இருக்கும் எடுத்துக்காட்டுகளில் இரண்டு மூன்றை மாற்றச் சொல், அதற்கு ஒரு பருவமாவது அவகாசம் கொடு.

வரைவுப் பாடத்திட்டத்தோடு சென்ற ஆண்டு வேதியியல் வினாத்தாள்களையும் அனுப்பி வை. எந்த வினாவை எப்படி மாற்றலாம் என்று ஓரத்தில் குறித்து, உங்கள் அடுத்த கூட்டத்துக்குள் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்