வரவேற்புப் பையில் ஒரு தாள்

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக மாணவர் சங்கப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

வெள்ளையர் அல்லாதவர் குடியேறுவதைத் தடுத்த ‘வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை’ எப்படி ஒழிந்தது என்று கேட்டால், ‘1973, பிரதமர் விட்லம் அரசு’ என்று பதில் வரும். தவறில்லை. ஆனால் அந்தப் பதிலில் உங்களுக்கு முன் மாணவர்களாக இருந்தவர்கள் எங்கே?

அந்தக் கொள்கைக்கு அடிப்படையான 1901 சட்டப்படி, குடியேற வருபவருக்கு ஏதாவது ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களை வாசித்துக் காட்டி எழுதச் சொல்லலாம்; தவறினால் உள்ளே விடமாட்டார்கள். மொழியைத் தேர்ந்தெடுப்பது அதிகாரி. 1934இல் எகான் கிஷ் என்ற எழுத்தாளருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்தார்கள்! 1958இல் அந்தத் தேர்வு போனது. நிறத்தடை போகவில்லை.

இதற்கிடையே ஆசிய நாடுகளுக்கு உதவும் கொழும்புத் திட்டத்தின் உதவித்தொகையிலும் சொந்தச் செலவிலும் ஆசிய மாணவர்கள் படிக்க வந்தார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படித்தவன், பட்டம் வாங்கியதும் நாட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். கொள்கை என்று காகிதத்தில் இருந்தது, உள்ளூர் மாணவர்களுக்கு நண்பனின் முகமாகத் தெரிய ஆரம்பித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

1961இல் மெல்போர்ன் மாணவர்கள் தேர்தல் கூட்டங்களுக்கே போய் எதிர்ப்புக் காட்டினார்கள். சீர்திருத்தம் கேட்டு மெல்போர்ன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உருவான குழுவும் கதவை அகலத் திறக்கச் சொல்லவில்லை. கட்டுப்பாடு இருக்கட்டும், நிறம் வேண்டாம் என்றது. இன்று அது கோழைத்தனமாகத் தெரியலாம். எனக்கு அது கெட்டிக்காரத்தனம்.

அப்புறம் 1965. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த ஐந்து வயது பிஜிச் சிறுமியை நாடுகடத்த சிட்னி விமான நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே சார்லஸ் பெர்க்கின்ஸ் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். சிட்னிப் பல்கலைக்கழக மாணவர், பூர்வகுடி. நாட்டின் கவனத்தைத் திருப்ப நடத்திய ‘கடத்தல்’ அது. சிறுமியை அனுப்பத்தான் செய்தார்கள். ஆனால் செய்தி நாடெங்கும் போனது.

மறு ஆண்டு பிரதமர் ஹோல்ட் அரசு விதிகளைத் தளர்த்தியது. ஐரோப்பியர் அல்லாதவர் குடியுரிமைக்கு 15 ஆண்டு காத்திருந்த நிலை மாறி, மற்றவர்களைப் போல 5 ஆண்டு ஆனது. மாணவர்களால் மட்டுமே என்று நான் சொல்ல மாட்டேன். புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளிடம் முகம் காட்ட வேண்டிய சங்கடமும் அரசுக்கு இருந்தது.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். புதிய மாணவர்களுக்கு வரைபடம், பேனா, தள்ளுபடிச் சீட்டு எல்லாம் பையில் போட்டுத் தருகிறீர்கள். இந்தக் கதையை ஒரு தாளில் அச்சிட்டு அதனுடன் வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் பிள்ளைகள் ரயிலில் போகும்போது படிக்கட்டும்.

இப்படிக்கு,
மெல்போர்னில் குடியேறிய ஒரு தமிழன்