நீ அனுப்பிய மெஷின் வந்து சேர்ந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ ஆன்லைனில் போட்ட தண்ணீர் மெஷின் போன புதன்கிழமை வந்தது. மறுநாளே ஒரு பையன் வந்து சுவரில் மாட்டிவிட்டுப் போனான். இதைப் போனில் சொன்னால் போதாதா என்பாய். போனில் நீ ஸ்பீக்கரில் போடுவாய், மாப்பிள்ளை பக்கத்தில் இருப்பார், இங்கே உன் அம்மா என் தோளுக்குப் பின்னால் நின்று பேச்சைப் பிடுங்குவாள். நான் சொல்ல நினைப்பது அந்த மாதிரி சொல்லக்கூடியது இல்லை. அதனால்தான் பேனா.

அந்தப் பையன் சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு மீட்டரை எடுத்து நம் கிணற்றுத் தண்ணீரில் முக்கினான். லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று சொல்லுமாம் அது. 2,340 என்று காட்டியது. உன் அம்மா எட்டிப் பார்த்து, "அதிகமா இருந்தா நல்லதா தம்பி?" என்று கேட்டாள். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. 500க்குள் இருக்க வேண்டுமாம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2,000 வரை போனால் போகட்டும் என்று அரசாங்கத் தரத்தில் இருக்கிறதாம். "நீங்க அதையும் தாண்டிட்டீங்கம்மா" என்றான், பரீட்சை மார்க் சொல்வது போல.

எங்களுக்கு இது தெரியாத விஷயமா? கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பு வேகாது. சோறு வடித்தால் மஞ்சள் பூத்து நிற்கும். சோப்பு நுரைக்காது. நீ பள்ளிக்கூடம் போன நாளில் தலைமுடி சிக்கு எடுக்க உன் அம்மா பட்ட பாடு உனக்கே ஞாபகம் இருக்கும். குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்க ஆரம்பித்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ஆனால் நாக்குக்குத் தெரிவது வேறு, நம்பராகப் பார்ப்பது வேறு. போன மாதம் ரத்த அழுத்தம் பார்த்த டாக்டர் அம்மாவிடம் உப்பைக் குறைக்கச் சொன்னார். ஊறுகாயை நிறுத்திவிட்டாள். கேன் வராத நாளில் கிணற்றை எப்படி நிறுத்துவாள்?

மெஷினில் இரண்டு குழாய். ஒன்று நல்ல தண்ணீர். இன்னொன்று ஒல்லியாக, கறுப்பாக, பின்பக்கம் தொங்குகிறது. "இது வேஸ்ட்டு, சிங்க்ல விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பையன் போய்விட்டான். ஒரு குடம் நல்ல தண்ணீர் வந்தால் மூன்று குடம் அந்தக் கறுப்புக் குழாயில் போகிறது. உன் அம்மா விடுவாளா? அடியில் ஒரு பக்கெட்டை வைத்தாள், பாத்திரம் கழுவ ஆகும் என்று. மூன்றாம் நாள் பக்கெட் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு படிந்திருந்தது. விரலால் சுரண்டி என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"இந்த மெஷின் உப்பை எடுத்துடுது, சரி. எடுத்து எங்க வைக்குது?"

தோல் பதனிடும் ஷாப்பில் 38 வருஷம் வேலை பார்த்தவன் நான். இந்தக் கேள்வியை இவ்வளவு நேராக யாரும் என்னிடம் கேட்டதில்லை.

வெளியூர்க்காரர்கள் பாலாறு கெட்டது தோல் பதனிடப் போடும் குரோமியத்தால் என்று மட்டும் நினைக்கிறார்கள். குரோமியம் கெட்டதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் சுண்ணாம்பு போட்டால் அடியில் படிய வைத்துப் பிரித்துவிடலாம். உப்பு அப்படிப் படியாது. பச்சைத் தோல் எங்கள் ஷாப்புக்கு லாரியில் வரும்போதே கல்லுப்பு தடவி, அடுக்கடுக்காக வரும். அழுகாமல் இருக்க வேறு வழி இல்லை. முதல் வேலை அதைத் தொட்டியில் ஊறப்போட்டு உப்பைக் கழுவுவது. பிறகு சுண்ணாம்புக் குழி, சதை சீவுவது, ஆசிட், டிரம். ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பிலேயே எழுதினார்கள். அத்தனை தண்ணீரும் உப்பைச் சுமந்துகொண்டுதான் வெளியே போகும்.

உன் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். நான் 1978ல் சேர்ந்தபோது குரோம் வந்துவிட்டது, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும். டிரம்மிலிருந்து தோல் நீலமாக வெளியே வரும். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது அது வரிசையாகக் காய்வதைப் பார்த்து "நீல மாடு" என்பாய். முதல் சில வருஷம் குரோம் சாற்றை நாங்களே காய்ச்சினோம். ஆரஞ்சு நிற பைகுரோமேட்டைக் கரைத்து, ஆசிட் விட்டு, வெல்லப்பாகை மெள்ள மெள்ள ஊற்ற வேண்டும். கொதித்துப் பொங்கும். ஆரஞ்சு கண் முன்னாலேயே பச்சையாக மாறும். வேடிக்கை பார்க்க அழகாகத்தான் இருக்கும். கையுறை என்ற பேச்சே அப்போது கிடையாது. என் இடது மணிக்கட்டில் குழி விழுந்த தழும்பு இருக்கிறதே, தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி பட்டது என்று உனக்குச் சொல்லி வைத்திருந்தேன். எண்ணெய் இல்லை. குரோம் புண். ஆற நாலு மாதம் பிடித்தது.

சரி, இது சின்னப் பொய். பெரியது ஒன்று இருக்கிறது. அதற்கு வருகிறேன்.

வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் சொல்வார்களே, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று. அதில் சாமி 1981லேயே வந்துவிட்டார். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைத் திரும்பக் கொண்டுவந்து வைத்த சமயம் நானும் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தேன். பேரிலேயே ஜலம் இருக்கிற சாமி. ஆறுதான் வரவில்லை. பாலாறு நந்தி மலைப் பக்கம் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடுகிறது என்று புத்தகத்தில் இருக்கிறது, அதில் 222 நம் தமிழ்நாட்டில். நான் பார்த்த வரை அது ஓடிய நாளை விடக் கிடந்த நாள்தான் அதிகம். ஆனால் கிடந்த ஆறும் சும்மா கிடக்கவில்லை, பாப்பா. மணலில் முழங்கை ஆழம் தோண்டினால் ஊத்து வரும். உன் ஆயா கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்புவாள். முதலில் கலங்கலாக வரும். அதை இறைத்துவிட்டுக் கொஞ்சம் காத்திருந்தால் கண்ணாடி மாதிரி தெளியும். அந்தத் தண்ணீரில் கேவுரு கூழ் கரைத்தால் மோரே வேண்டாம் என்பாள். மணலையும் அள்ளிக்கொண்டு போனார்கள். இப்போது தோண்ட மணலே இல்லை.

இந்த ஆடிக்கு நடந்ததைக் கேள். அம்மனுக்குக் கூழ் ஊற்றினோம். கரகம் ஜோடிக்க எப்போதும் போல ஆற்றங்கரைக்குத்தான் போனார்கள், பம்பை உடுக்கையோடு. போய் என்ன, சொம்பில் நிரப்பத் தண்ணீர் வேண்டுமே. பையன்கள் பைக்கில் ஒரு கேன் கொண்டுவந்தார்கள். பூசாரி கேன் மூடியின் சீலைப் பல்லால் கடித்துப் பிரிக்கப் போனார். "எச்சில் பண்ணிடாதய்யா!" என்று கத்தியது உன் அம்மாதான். யாரோ வீட்டுச் சாவியால் கிழித்தார்கள். அப்புறம் வேப்பிலை, எலுமிச்சம்பழம், மஞ்சள் எல்லாம் முறைப்படி. அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. அருள் வந்தவள்கூட அதைப் பற்றிப் பேசவில்லை.

2021 நவம்பரில் ஆறு இரு கரையும் தொட்டு வந்ததே, நீ வீடியோ கேட்டுக் கேட்டு வாங்கினாயே, அதை மறக்க முடியாது. ஊரே வேலையை விட்டுவிட்டுப் பாலத்தில் நின்றது. பயமும் இருந்தது, கும்பிடவும் தோன்றியது. அதற்குப் பிறகு ஏழெட்டு மாதம் நம் கிணற்றில் பருப்பு வெந்தது. உன் அம்மா கேன்காரனை நிறுத்தவே நிறுத்திவிட்டாள். அப்புறம் பழையபடி கரிக்க ஆரம்பித்தது. அடியில் இருக்கிற உப்பு எங்கேயும் போய்விடவில்லை, மேலே நல்ல தண்ணீர் வந்து நின்றபோது தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இனி அந்தப் பெரிய விஷயம்.

1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. வேலூர் மக்கள் போட்ட வழக்கு. மாசுபடுத்தியவனே பணம் கட்ட வேண்டும் என்று இந்தியாவுக்கே சட்டம் சொன்ன தீர்ப்பு. ஒவ்வொரு ஷாப்பும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும், சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தண்ணீரை அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். இந்தப் பக்கம் 35,000 ஹெக்டேர் நிலம் முழுசாகவோ பாதியாகவோ பாழ் என்று விவசாயப் பல்கலைக்கழகம் கணக்கெடுத்ததும் அதில் இருந்தது. நெல் போட்டு வெறுத்து, பிறகு தென்னையும் குரும்பை உதிர்த்துப் போன நம் அரை ஏக்கரும் அந்தக் கணக்கில் இருக்கும்.

அடுத்த வருஷம் ஐப்பசி. நீ ஆறாம் வகுப்பு. நான் அப்போது மேஸ்திரி. சுத்திகரிப்புக்கு அனுப்பினால் காசு, கழிவுத் தண்ணீர்த் தொட்டியோ நிரம்பி வழிகிறது. ஒரு நாள் சாயங்காலம் வானம் கறுத்தது. முதலாளி கிளம்பும்போது வாசலில் நின்று மேலே பார்த்தார். "மழை வருது போலிருக்கே மேஸ்திரி" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

ராத்திரி பதினொரு மணிக்குச் செம மழை. நான்தான் குடையைப் பிடித்துக்கொண்டு போய்த் தொட்டியைத் திறந்துவிட்டேன். மழைத் தண்ணீரோடு தண்ணீராகக் கால்வாயில் போய், ஆற்றில் கலந்துவிட்டது. காலையில் பார்த்தால் அடையாளமே இல்லை. அந்த ஒரு ராத்திரி மட்டும் இல்லை. அந்த மழைக்காலத்தில் ஐந்தாறு தடவை. அதற்கு அடுத்த வருஷமும். யாரும் என்னை அதட்டிச் செய்யச் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் வேலை போயிருக்குமா? தெரியாது. சொல்லிப் பார்க்கவில்லையே.

நான் திறந்துவிட்டதுதான் சுற்றிக்கொண்டு நம் கிணற்றுக்கே வந்தது. அதைத்தான் உன் அம்மா இடுப்பில் சுமந்தாள், நீ குளித்தாய்.

உடனே அந்தத் தொழிலையே திட்டிக் கடிதம் எழுதிவிடாதே. உன் இன்ஜினியரிங் பீஸ் தோல் காசு. ஆயாவை வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தது தோல் காசு. இன்றைக்கும் காலையில் ஷூ கம்பெனி பஸ் வந்தால் நம் தெருவில் பாதிப் பெண்கள் ஏறிப் போகிறார்கள். அவர்கள் கையில் காசு புழங்குவது அதனால்தான். தைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு தோல் நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறவர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. ஆனால் எங்களை விட்டால் வேறு வழி இல்லை என்று சொல்லும் முதலாளிகளோடும் இப்போது சேர முடியவில்லை. 2025 ஜனவரியில் மறுபடி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. பாதிக்கப்பட்டவர்களுக்கு இன்னும் கொடுக்காத நஷ்டஈட்டை ஆறு வாரத்தில் அரசாங்கம் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடம் வசூலிக்க வேண்டும் என்று. அதற்குள் 28 வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. பேப்பரைப் படித்துவிட்டு அம்மா, "நம்மளும் எழுதிக் கொடுக்கலாமா?" என்றாள். எந்தப் பக்கத்தில் என் பேரை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பேசாமல் இருந்துவிட்டேன்.

நீ இருக்கிற சிங்கப்பூரில் சாக்கடைத் தண்ணீரையே சுத்தம் பண்ணிக் குடிநீர் ஏரியில் கலக்கிறார்களாமே, 2003லிருந்து. அதிலும் இந்த மெஷினில் இருக்கிற மாதிரி உப்பை வடிகட்டும் சவ்வுதானாம். இங்கே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலும் இப்போது அதுதான். உங்களுக்குச் சுற்றிலும் கடல், மிச்ச உப்பு அங்கே போய்விடும். இங்கே கடல் ஏது? காய்ச்சி வற்ற வைத்து, மூட்டை கட்டி, கொட்டகையில் அடுக்குகிறார்கள். உன் அம்மா கேட்ட கேள்விக்கு அதுவரைதான் என்னால் பதில் சொல்ல முடிந்தது. "மூட்டை நனைஞ்சா?" என்று கேட்டாள். கொட்டகைக்குக் கூரை இருக்கிறது என்றேன்.

அவளிடம் ஐப்பசி ராத்திரியைப் பற்றியும் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "நனைஞ்சு வந்து படுத்தியே, மூணு நாள் ஜுரம், அப்பவா?" என்றாள். அவளுக்கு ஜுரம் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு நாள் காபியைக் கையில் கொடுக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

நீ என்ன நினைப்பாய் என்று யோசிக்காமல் இல்லை. கோபம் வந்தால் போனில் வேண்டாம். பொங்கலுக்கு வருவாயே, அப்போது கேள், உட்கார்ந்து சொல்கிறேன். மாப்பிள்ளைக்கும் சொல்வதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

பேத்திக்கு நாட்டு நெல்லிக்காய் உப்பு போடாமல் வத்தல் போட்டு வைத்திருக்கிறாள் அம்மா. மெஷினுக்குப் போடும் பில்டரை மட்டும் அங்கிருந்து அனுப்பாதே, இங்கேயே கிடைக்கிறதாம். அந்தப் பையனிடமிருந்து நானும் ஒரு பேனா மீட்டர் வாங்கிவிட்டேன். அமாவாசைக்கு அமாவாசை கிணற்றில் முக்கிப் பார்த்துக் காலண்டர் தாளின் பின்னால் எழுதுவதாக ஏற்பாடு. நேற்று 2,310. அதற்குப் பக்கத்திலேயே அம்மா பால் கணக்கை எழுதிவிட்டாள், எது எந்த நம்பர் என்று இனி நான்தான் பிரித்துப் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அப்பா