ஸ்டீராய்டு எழுதற டாக்டர்களே, தடுப்பூசி பத்தியும் ஒரு வரி எழுதுங்க

ஸ்டீராய்டு மாத்திரை எழுதிக் குடுக்கற எல்லா டாக்டர்களுக்கும் வணக்கம்.

இந்த மருந்தைக் குறை சொல்றதுக்காக எழுதல. எங்க அக்காவுக்கு அவ உடம்புல ஊறுன ஆன்டிபாடியே (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யற புரதம்) அவளோட சிவப்பணுவை அழிச்சுட்டு இருந்தப்ப பிரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டுதான் காப்பாத்துச்சு, அதை எழுதுன டாக்டரை நாங்க என்னிக்கும் மறக்க மாட்டோம். உங்ககிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மாத்திரை எழுதற அதே சீட்டுல தடுப்பூசி பத்தியும் ஒரு வரி எழுதிக் குடுங்க.

ஏன் இப்ப கேக்கறேன்னா, போன வாரம் அக்காவோட ரிப்போர்ட் வந்துச்சு. அடிக்கடி ரத்தம் ஏத்த வேண்டி வரலாம்னு, ரத்தம் வழியா பரவற கல்லீரல் நோயான ஹெபடைடிஸ் பிக்கு அவளுக்குத் தடுப்பூசி போடச் சொன்னாங்க, போட்டோம். கார்டுல மூணு டோஸுக்கும் தேதி, பேட்ச் நம்பர், சீல் எல்லாம் சுத்தமா இருக்கு, கடைசில 'முழுமை'ன்னு வேற எழுதியிருக்கு. லேப் பேப்பர்ல ஆன்டிபாடி அளவு 10க்குக் கீழ, அதாவது பாதுகாப்புன்னு சொல்ற அளவைத் தொடவே இல்ல. முதல் ரெண்டு ஊசி போட்டப்ப பிரெட்னிசோலோன் தினமும் 40 மி.கி. போய்ட்டு இருந்துச்சு, அப்புறம் குறைச்சாங்க, நடுவுல நோய் திரும்பி வந்ததால மூணாவது ஊசி அன்னிக்கும் 40தான். ஊசி போட்டவங்க மாத்திரை பத்திக் கேக்கல, மாத்திரை எழுதுனவங்க ஊசி பத்திக் கேக்கல. கடைசி டோஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு மாசத்துல டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்னும் யாரும் சொல்லல, வேற ஒரு டாக்டர் எதுக்கும் பாத்துடுவோம்னு எழுதுனதாலதான் தெரிஞ்சுது. அந்த ரெண்டு காகிதத்தையும் கையில வச்சுக்கிட்டு, அப்ப நான் போட்ட ஊசியெல்லாம் எங்கடா போச்சுன்னு அக்கா கேட்டா, என்னால பதில் சொல்ல முடியல.

பதில் உங்களுக்குத் தெரியும். இந்த மருந்து, நோய் எதிர்ப்புக்கு உதவற டி செல்கள் அனுப்பற சிக்னலைக் குறைக்குது, ரத்தத்துல சுத்தற லிம்போசைட்டுகள் (டி செல், பி செல் மாதிரி வெள்ளணுக்கள்) எலும்பு மஜ்ஜை பக்கம் ஒதுங்கிடுது, உதவி கிடைக்காத பி செல் புது ஆன்டிபாடி செய்யறது மந்தமாகுது. அக்காவுக்கும் ஆரம்பத்துல குணம் தெரிஞ்சது ஆன்டிபாடி குறைஞ்சதால இல்ல, ஆன்டிபாடி ஒட்டுன சிவப்பணுவை மண்ணீரல் விழுங்கறது குறைஞ்சதாலதான், ஆன்டிபாடி உற்பத்தி குறையறது மெதுவா பின்னாடி வர்ற வேலை. ரத்தத்துல ஏற்கனவே இருக்கற ஐஜிஜிங்கற ஆன்டிபாடி வகை பாதியா குறையவே சுமார் 21 நாள் ஆகும், அதனால அது ராத்திரியோட ராத்திரியா காணாம போகாது. ஆனா மெத்தில்பிரெட்னிசோலோன்ங்கற இன்னொரு ஸ்டீராய்டை ஹை டோஸ்ல 3 நாள், 5 நாள் குடுத்தாலே ஐஜிஜி இறங்குதுன்னு 1973லயே மனுஷங்ககிட்ட பாத்து எழுதியிருக்காங்க, ஐஜிஎம்ங்கற இன்னொரு வகை அவ்வளவா அசையல. ஐம்பது வருஷத்துக்கு மேல தெரிஞ்ச விஷயம் இன்னும் பேஷன்ட் கையில இருக்கற சீட்டுக்கு வந்து சேரலைன்னா கோவம் வராம என்ன பண்ணும்?

கெட்ட ஆன்டிபாடியைக் குறைக்கத்தான் மருந்து குடுக்கறீங்க, சரி. நல்லது எது கெட்டது எதுன்னு அந்த மருந்துக்குத் தெரியாதுங்கறதையும் சேத்துச் சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்.

இதைச் சொன்னா பேஷன்ட் பயந்து மாத்திரையை நிறுத்திடுவாங்கன்னு ஒருத்தர் சொன்னார். சொல்லாம விட்டாதான் நிறுத்துவாங்க. எங்கயோ அரைகுறையா கேட்டுட்டு, ஊசி வேலை செய்யணும்னு ரெண்டு வாரம் மாத்திரையைத் திடீர்னு விட்டா உடம்போட சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கற அட்ரினல் சுரப்பி ஈடு குடுக்க முடியாம உயிருக்கே ஆபத்தாகும். முழுசா சொல்லிட்டா பயமே இல்ல. இன்ஹேலர், ஆயின்ட்மென்ட் போடறவங்க கவலைப்பட வேண்டியதில்ல. பிரெட்னிசோலோன் தினமும் 20 மி.கி.யோ அதுக்கு மேலயோ 14 நாளுக்கு மேல எடுத்தா தட்டம்மை, சின்னம்மை மாதிரி உயிருள்ள தடுப்பூசி (வலுவிழந்த கிருமியையே வச்சு செய்யறது) கூடாது, நிறுத்தி ஒரு மாசமாவது ஆகணும். மத்த ஊசியால ஆபத்து இல்ல, பலன் குறையலாம், முடிஞ்சா 20க்குக் கீழ வந்தப்புறம் போடலாம், ஃப்ளூ ஊசியை மட்டும் தள்ளிப் போடக்கூடாது. எல்லாருக்கும் அக்கா மாதிரி ஆகறதும் இல்ல, ஸ்டீராய்டு எடுத்துக்கிட்டே நல்லா ஆன்டிபாடி வர்றவங்க நிறையப் பேர் இருக்காங்க. இவ்வளவுதான விஷயம், இதைச் சொல்ல ரெண்டு நிமிஷம் ஆகுமா?

சீட்டே இல்லாம விக்கறவங்களை என்ன சொல்றது. பசி எடுக்கும், உடம்பு தேறும்னு டெக்ஸாமெத்தசோனைக் கடையில தூக்கிக் குடுக்கறாங்க. வாங்கறவங்களுக்கு அது குட்டி மாத்திரை, அதுல 3 மி.கி. சேந்தா 20 மி.கி. பிரெட்னிசோலோனுக்குச் சமம்னு யாருக்குத் தெரியும்? அது ஸ்டீராய்டுன்னே தெரியாம ஊசி போடற இடத்துல போய், மாத்திரை எதுவும் எடுக்கலைன்னு சொல்லுவாங்க. மூட்டு வலிக்குன்னு ஸ்டீராய்டு கலந்த, பேர் இல்லாத பொடி விக்கறதை நினைச்சா இன்னும் வயிறு எரியுது. அதையெல்லாம் தடுக்கறது உங்க கையில மட்டும் இல்லைன்னு எனக்குப் புரியுது, அதனால நான் கேட்டதுக்கே வர்றேன்.

ஹை டோஸ் ரொம்ப நாளுக்குப் போகும்னு முன்னாடியே தெரிஞ்சா, அவசரம் இல்லாத கேஸ்ல, என்னென்ன ஊசி போட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. மருந்தை உடனே ஆரம்பிச்சே ஆகணும்னா ஆரம்பிங்க, உயிர்தான் முக்கியம், ஆனா டோஸ், எத்தனை நாள், எந்த ஊசி எப்ப போடலாம்னு சீட்டுல எழுதிடுங்க. ஊசி போடறவங்க அதைப் பாத்தாலே போதும், அவங்ககிட்ட கேளு இவங்ககிட்ட கேளுன்னு எங்களை அலைய விட வேண்டியதில்ல.

ஏற்கனவே மாத்திரையில இருக்கறவங்க அடுத்த தடவை வரும்போது தடுப்பூசி கார்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. ஹை டோஸ்ல இருந்தப்ப ஹெபடைடிஸ் பி ஊசி போட்டவங்களுக்கு ஆன்டிபாடி பாத்துட்டு, வரலைன்னா திரும்பப் போட ஏற்பாடு பண்ணுங்க. எங்க அக்காவுக்கு இப்ப டோஸ் இறங்கிட்டு இருக்கு, மூணு ஊசியும் திரும்ப முதல்லருந்து. இந்தத் தடவை எந்தத் தேதியில போடலாம்னு தயவுசெஞ்சு நீங்களே எழுதிக் குடுங்க.

நன்றியுடன்,
அவ தம்பி