தாத்தாவின் டிஸ்சார்ஜ் தாளை லேமினேட் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் வடசென்னை வீடுகளில் போர்க்காலத் தாள்களைப் பத்திரப்படுத்தி, பெரியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் வேலை முடிந்தாக வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம். இரண்டாம் உலகப் போரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்த தாத்தாக்களின் குடும்பங்கள் இங்கே உண்டு. பர்மாவிலும் மலாயாவிலும் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, 1960-களில் பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து வியாசர்பாடி பி.வி. காலனியில் குடியேறியவர்களின் குடும்பங்களும் உண்டு. நேதாஜி ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் துப்பாக்கி பிடித்த பாட்டிகளையும் விட்டுவிடக் கூடாது. 1945-ல் 18 வயது என்றாலே இன்று நூறை நெருங்கும் வயது. அவர்கள் வாயால் கேட்ட பிள்ளைகளுக்கே எழுபது, எண்பது ஆகிறது.

முதலில் தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து படையிலிருந்து விடுவித்த டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ சம்பளக் கணக்கு எழுதிய பே புக்கோ கிடைத்ததும் பலரும் ஜெராக்ஸ் கடைக்குப் போய் லேமினேஷன் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். சூட்டில் உருகும் பசை தாளின் நாருக்குள் இறங்கிவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை. போர்க்காலத் தாள் மட்டமான மரக்கூழில் செய்தது, அமிலம் அதிகம். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தாலும் அது பழுப்பதும் நொறுங்குவதும் நிற்காது.

துருப்பிடித்த குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ரப்பர் பேண்டு ஆகியவற்றை மெதுவாக எடுத்துவிடுங்கள். பழைய செல்லோ டேப்பைப் பிய்க்காதீர்கள், எழுத்தும் கூடவே வந்துவிடும். கவர் வாங்கும்போது மோந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசனை அடித்தால் அது பிவிசி, எழுத்தை உரித்துக்கொள்ளும். பாலியஸ்டர் கவர் கேட்டு வாங்குங்கள். அந்துருண்டையைத் தாளோடும் போட்டோவோடும் வைக்காதீர்கள். வெள்ளத்துக்குப் பயந்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் பரணில் வைப்பவர்கள் உண்டு. அங்கே வெயில் காலத்துச் சூடே தாளைக் கொன்றுவிடும். உள்சுவர் ஓரமாக, 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் வந்த கோட்டுக்கு மேலே, தலை உயரத்துக்குள் ஒரு தட்டு அடித்து வைப்பதுதான் நல்லது.

நனைந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை இழுக்காமல், நிழலில், மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத இடத்தில், வெள்ளைப் பருத்தித் துணிமேல் விரியுங்கள். இரண்டு நாளுக்குள் காயாது என்று தெரிந்தால் ஜிப் கவரில் போட்டு ஃபிரீசரில் வைத்துவிடலாம். பூஞ்சை பிடிக்காது, பிறகு நிதானமாகக் காயவைக்கலாம். சாயம் கலந்த காப்பியிங் பென்சிலால் எழுதியது என்றால் கூடுதல் கவனம் வேண்டும், ஈரம் பட்ட இடமெல்லாம் ஊதாவாகக் கரையும். கண்ணாடியோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிரிக்கவே வேண்டாம், கண்ணாடியோடு சேர்த்தே படமெடுங்கள்.

மெடலைப் புளி போட்டுத் தேய்ப்பதும் பெரிய பாவம். பெயரும் எண்ணும் விளிம்பில் பொறித்திருந்தால் அது தேய்ந்துபோகும். ரிப்பனைத் துவைத்தால் சாயம் போகும், அந்தச் சாயம்தான் போர்முனையைச் சொல்கிறது. நடுவில் அகலச் சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு என்றால் அது பர்மா ஸ்டார். பர்மா ஸ்டார் போன்ற ஆறு முனை நட்சத்திர மெடல் எதுவும் இல்லாமல், வார் மெடலும் இந்திய வரைபடம் போட்ட இந்தியா சர்வீஸ் மெடலும் மட்டும் இருந்தால், பெரும்பாலும் உள்நாட்டிலேயே பணி செய்தவர்.

ஸ்கேன் செய்யும்போது பின்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால் முன்பக்கத்தை விட அதுதான் முக்கியம். போர்க்களத்துக் கடிதத்தில் ஊர்ப் பெயர் இருக்காது, தணிக்கை விடாது. எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) எண்ணும் தேதியும்தான் இருக்கும். அவற்றை வைத்துத்தான் அன்றைக்கு அந்தப் படை எங்கே இருந்தது என்று தேட முடியும். ரெஜிமெண்ட் பெயர் மட்டும் போதாது, கம்பெனி எண் வேண்டும். கண்ணிவெடி மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காத்து, ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது பெற்ற சுபேதார் சுப்ரமணியம் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் உயிர்விட்டார். அவர் 11-வது ஃபீல்டு பார்க் கம்பெனி. அதே சாப்பர்ஸின் வேறு கம்பெனிகள் அப்போது பர்மா முனையில் இருந்தன. மங்கிய பென்சில் எழுத்து தெரியாவிட்டால் ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழும்படி வைத்துப் படமெடுங்கள், பென்சில் அழுத்திய பள்ளம் தெரியும்.

அடுத்தது பேச்சு. செல்போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல், வாய்க்கு ஒரு முழம் தள்ளி வையுங்கள். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள், அறையில் அது காதில் விழாவிட்டாலும் பதிவில் பேச்சை விழுங்கிவிடும். கன்டெய்னர் லாரி ஓடும் தெரு என்றால் பின்கட்டு அறைக்குப் போங்கள். முக்கால் மணி நேரத்தோடு நிறுத்திவிடுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே தேதி, பேசுபவர் பெயர், தாத்தாவுக்கு என்ன உறவு, நேரில் பார்த்ததா கேட்டதா என்பதைச் சொல்லிவிட வேண்டும். பேசுபவர் மகளோ மருமகனோ என்றால் இது மிக அவசியம்.

"போர்ல என்ன நடந்துச்சு தாத்தா?" என்று கேட்டால் நாலு வரியில் முடிந்துவிடும். பூட்ஸ் அளவு சரியாக இருந்ததா, சோறா ரொட்டியா, தண்ணீர் எதில் வந்தது, வீட்டுக்குக் கடிதம் யார் எழுதிக் கொடுத்தார்கள், பணம் எப்படி வந்து சேர்ந்தது என்று கேளுங்கள். வருடம் கேட்டால் குழம்பும். "ரங்கூன்ல முதல் குண்டு விழுந்தப்போ எங்க இருந்தீங்க?" என்றால் 1941 டிசம்பர் 23. "சிங்கப்பூர்ல வெள்ளைக்காரன் சரணடைஞ்சப்போ?" என்றால் 1942 பிப்ரவரி 15. "ஜப்பான்காரன் வர்றான்னு மெட்ராஸைக் காலி பண்ணாங்களே, அப்போ?" என்றால் 1942 ஏப்ரல். ஊர்ப் பெயரைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாதீர்கள், சொன்னபடியே பதியட்டும். டிஸ்சார்ஜ் தாளில் உள்ள வயதோடு அவர் சொல்லும் வயது பொருந்தாவிட்டால் பொய் என்று முடிவு கட்டாதீர்கள். பதினேழைப் பதினெட்டு என்று சொல்லிச் சேர்ந்த பையன்கள் உண்டு.

இந்திய தேசிய ராணுவக் குடும்பங்களில் தாள் குறைவு. 1972-ல் தொடங்கிய தியாகிகள் ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்த நகல் இருக்கிறதா என்று பாருங்கள். சிறையில் இருந்த காலம் கேட்கப்பட்டதால் முகாமும் தேதியும் அதில் கிடைக்கும். ஆனால் அது அலுவலகத்துக்காக எழுதியது, சண்டை பற்றி அதிகம் இருக்காது.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் உயிரோடு திரும்பியவரைத் தேடி ஏமாறுபவர்கள் பலர். 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள் மட்டுமே இரண்டாம் போர்ப் பட்டியலில் உண்டு. முனுசாமி என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் நாலைந்து எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள். திரும்பி வந்தவர் என்றால் ராணுவ எண், தகப்பனார் பெயர், ஊர், சேர்ந்த வருடம் ஆகியவற்றோடு ஆவண அலுவலகத்துக்கு எழுத வேண்டும். சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன்.

நூலகத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் வரை போக முடியாத குடும்பங்கள் இவை. வியாசர்பாடி, தண்டையார்பேட்டைக் கிளை நூலகங்களில் வாரம் ஒரு நாளாவது ஸ்கேனர் வசதி செய்து தர வேண்டும். தாளை உருளைக்குள் இழுக்கும் வகை வேண்டாம், மடிப்பில் கிழித்துவிடும். கண்ணாடி மேல் வைக்கும் வகைதான் வேண்டும், 600 டிபிஐ போதும். அசல் அன்றைக்கே குடும்பத்தார் கையில் திரும்ப வேண்டும், நகல் பென் டிரைவில்.

இப்படிக்கு,
பழைய ஆவணங்களைச் சீர்செய்யும் வேலையில் உள்ள சிலர்,
வியாசர்பாடி, சென்னை-39.