தலைவலிக்கு ஒரு வரி ஒதுக்குங்கள்

தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்துக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தும் மருத்துவமனைகளுக்கும் வணக்கம்.

என் சிறுநீரகங்களில் ஒன்றை என் தம்பிக்குக் கொடுத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாள் தந்தார்கள். கொதித்து ஆறிய தண்ணீர், முகக்கவசம், புதிய சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காதபடி எதிர்ப்புச் சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையை நேரம் தவறாமல் எடுப்பது, காய்ச்சல் வந்தால் உடனே வருவது என்று எல்லாம் அதில் இருந்தன. தலைவலியைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பதினான்காம் மாதம் அவனுக்குத் தலைவலி வந்தது. காய்ச்சல் இல்லை, கழுத்தும் விறைக்கவில்லை. ரத்த அழுத்தம் என்றார்கள். பிறகு கண்ணாடியை மாற்றச் சொன்னார்கள். மூன்று வாரம் கழித்து, "அக்கா, நீ இரண்டு பேராகத் தெரிகிறாய்" என்றான். முதுகுத்தண்டு நீரை எடுத்துப் பார்த்த பிறகே கிரிப்டோகாக்கஸ் என்று தெரிந்தது. புறா எச்சம் கலந்த மண்ணில் வாழும் பூஞ்சை அது. மூச்சோடு நுரையீரலுக்குள் போகிறது; எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் அங்கிருந்து மூளைக்கு ஏறுகிறது. புதிய சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரைகளே அதற்கு வழிவிடுகின்றன. அடையாளம் காட்ட வேண்டிய காய்ச்சலையும் அவையே அமுக்கிவிடுகின்றன.

சிகிச்சை அதைவிடக் கொடுமை. பூஞ்சையைக் கொல்லும் ஆம்போடெரிசின் மருந்தின் பழைய வகை சிறுநீரகத்தைக் கெடுக்கும். நான் கொடுத்ததை மருந்தே தின்றுவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தக் கிரியாட்டினின் அளவுக்காகக் காத்திருந்தேன். அதே மருந்தின் கெடுதல் குறைந்த லைபோசோமல் வகையின் விலையோ எங்களுக்கு எட்டாதது. நகையை அடகு வைத்து வாங்கினோம். அடுத்துத் தந்த ஃபுளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து, ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும் என்பதால் டாக்ரோலிமஸையும் குறைத்துக் குறைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில், மிக அவசரமான முதல் வரிசையில் இதை வைத்திருக்கிறது. சிறிதளவு ரத்தத்தில், பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடிக்கும் பட்டைச் சோதனை உண்டு. மாற்றுறுப்பு பெற்றவர் தலைவலி என்று வந்தால், காய்ச்சல் இல்லாவிட்டாலும், அந்தச் சோதனையை அன்றே செய்யுங்கள். சோதனையில் இல்லை என்று வந்தும் தலைவலி தொடர்ந்தால், முதுகுத்தண்டு நீரைப் பார்க்கத் தயங்காதீர்கள். லைபோசோமல் மருந்தை அரசு மருத்துவமனைகளில் எப்போதும் இருப்பில் வையுங்கள்.

தம்பி பிழைத்துக்கொண்டான். இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது, காய்ச்சலுக்குக் கீழே இதையும் சேர்த்துவிடுங்கள்: "ஒரு வாரத்துக்கு மேல் தலைவலி இருந்தால், வேறெங்கும் போகாமல் நேராக இங்கே வாருங்கள்."

இப்படிக்கு,
சிறுநீரகம் கொடுத்த ஓர் அக்கா