பிள்ளைக்கு ஊசி போடும் நாளில் தாய்க்கும் ஒரு சோதனை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் கர்ப்பிணியை நம் அரசாங்க கிளினிக்குகள் கவனித்துக்கொள்ளும் விதத்தில் குறை சொல்ல அதிகமில்லை. கர்ப்பகாலப் பதிவேடான பிங்க் புத்தகம், ஆபத்தின் அளவைக் காட்டும் வண்ண ஒட்டு, ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம், பிரசவத்துக்குப் பின் வீடு தேடி வரும் தாதி என்று எல்லாம் உண்டு. பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆனதும் அத்தனையும் ஓய்ந்துவிடுகிறது. பிறகு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான ‘பெக்கா பி40’ திட்டத்தின் இலவசப் பரிசோதனைக்கு அவர் பெயர் வர 40 வயதாக வேண்டும், அதுவும் அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பமாக இருந்தால். 28 வயதில் பிள்ளை பெற்றவருக்கு இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் வெறுமை.

இந்த இடைவெளி நம்மவர்களைத்தான் அதிகம் அடிக்கிறது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு), இந்தியர்களிடையே 31.4. கர்ப்ப காலத்தில் இனிப்புநீர் வந்தவருக்குப் பிரசவம் ஆனதும் அளவு பெரும்பாலும் இறங்கிவிடும். ‘போயிடுச்சு’ என்று வீட்டில் நிம்மதி. ஆனால் பிற்காலத்தில் அது நிரந்தரமாக வரும் வாய்ப்பு, கர்ப்பத்தில் வராதவர்களைவிட ஏழிலிருந்து பத்து மடங்கு. அதனால்தான் ஆறு வாரத்தில் ஒரு குளுக்கோஸ் சோதனை, பிறகு ஆண்டுக்கொரு முறை சோதனை என்று விதி இருக்கிறது.

அந்த ஆறாவது வாரத்தில் என்ன நடக்கிறது? பினாங்கில் ஆயர் ஈத்தாம் கிளினிக்கில் பதிந்தவர் பிரசவத்துக்குத் தாய் வீடான கெடாவின் சுங்கை பட்டாணிக்குப் போயிருப்பார். பத்தியம் முடிந்து அப்போதுதான் வீடு திரும்பியிருப்பார். இரவு பத்து மணியிலிருந்து வெறும் வயிறு, காலையில் ஒரு முறை இரத்தம், 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி இரத்தம். கைப்பிள்ளையோடு இதைச் செய்வது லேசல்ல. இரவெல்லாம் பால் கொடுத்த பசியில் விடிகாலையில் ஒரு கப் மைலோ குடித்துவிட்டு வருபவர் உண்டு. குடித்த குளுக்கோஸை வாந்தியெடுப்பவர் உண்டு. இடையில் வெளியே போய் நாசி லெமாக் சாப்பிட்டு வருபவரும் உண்டு. மூன்றிலும் சோதனை பாழ். பச்சைத் தண்ணீர் குடிக்கலாம் என்பதைக்கூட யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சாம்பல் நிற மூடிக் குழாயில் பிடிக்காத இரத்தம் வெயிலில் காத்திருந்தால் சர்க்கரை அளவு தானாகவே குறைந்து, பொய்யான ஆறுதல் தரும்.

மூன்று மாத சராசரியைக் காட்டும் ‘மூன்று மாத சர்க்கரை’ (HbA1c) சோதனையே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. போதாது. பிரசவத்தில் போன இரத்தமும் இரத்தச்சோகையும் அந்த எண்ணை மாற்றிவிடும்.

எங்கள் யோசனை எளிது. தன் தேதியை மறக்கும் தாய் பிள்ளையின் ஊசியை மறப்பதில்லை. இரண்டாம் மாத ஊசி எட்டு, ஒன்பதாவது வாரத்தில் வருகிறது. குளுக்கோஸ் சோதனையைப் பன்னிரண்டாவது வாரம் வரை செய்யலாம். இரண்டையும் ஒரே காலையில் வைத்தால், பிள்ளையின் எடை பார்த்து, ஊசி போட்டு, அரைமணி நேரம் பார்த்து, பால் கொடுப்பதற்குள் அந்த இரண்டு மணி நேரம் ஓடிவிடும். 2023-லிருந்து பேறுகால விடுப்பு 98 நாள் என்பதால் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அன்று விடுப்பில்தான் இருப்பார். ஆண்டுச் சோதனையைப் பன்னிரண்டாம் மாத ஊசியோடு தொடங்கலாம். அப்போது விடுப்பு முடிந்திருக்கும். கிளினிக்கில் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) தராமல், வந்துபோன நேரத்தைக் காட்டும் டைம் ஸ்லிப் மட்டும் தந்தால் நாள்கூலிப் பெண் வர மாட்டார். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்) தான். இழக்கும் நாள்கூலிதான் பெரிது.

இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. குளுக்கோஸ் பொட்டலம், ஆளுக்கு இரண்டு குழாய், காலை நேரத்துக்குக் கூடுதலாக ஒரு தாதி, பால் கொடுக்க ஒரு திரை, வராதவரை அழைக்க ஒருவர். இதற்கென வரவு செலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு வேண்டும்; பொதுத் தொகையில் கலந்தால் முதலில் வெட்டுப்படுவது இதுதான். பெக்கா பி40-இன் வயது வரம்பையும், கர்ப்பத்தில் இனிப்புநீரோ இரத்தக் கொதிப்போ வந்தவர்களுக்கு மட்டுமாவது தளர்த்தலாம். சான்று தேடி அலைய வேண்டாம், பிங்க் புத்தகமே சான்று. நாடாளுமன்றம் 2023-இல் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை பொதுச் சுகாதாரச் செலவை நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காடாக உயர்த்தச் சொல்கிறது. அதில் இது ஒரு துளி.

சோகைக்கும் இதே கதைதான். கர்ப்பத்தில் தவறாமல் பார்த்த ஹீமோகுளோபினைப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. இரும்புச் சத்து மாத்திரை ‘சூடு’ என்று பத்தியத்தோடு நிற்கும். தொடர்ந்தாலும் தே தாரிக்கோடு விழுங்கினால் சத்து உடம்பில் சேராது. தேநீருக்கும் மாத்திரைக்கும் குறைந்தது ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். மாதவிடாயில் அதிகம் போகிறதா என்று கேட்காமல் மாத்திரை மட்டும் கொடுப்பது ஓட்டை வாளியில் தண்ணீர் ஊற்றுவது.

ஐம்பதை நெருங்கும் பெண்ணின் நிலை இன்னும் மோசம். ‘உடம்பெல்லாம் எரியுது, ராத்திரி தூக்கமில்லே’ என்று வருபவருக்கு இரத்த அழுத்தம் பார்த்து பனடோல் கொடுத்து அனுப்புவது வழக்கமாகிவிட்டது. மாதவிடாய் நிற்கிறதா என்று கேட்க ஒரு நிமிடம் போதும், தமிழில் கேட்டால். மனச்சோர்வும் அப்படியே. நம் பெண்கள் அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள், ‘அசதி, படபடப்பு’ என்பார்கள். அதைப் புரிந்துகொள்ளும் படிவம் தமிழிலும் மேசையில் இருக்க வேண்டும்.

கர்ப்பத்தில் இனிப்புநீர் வந்த வாசகிகளுக்கு ஒன்று: பிங்க் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். சோதனை முடிந்து ‘ஓகே’ என்றால் அதோடு திரும்பிவிடாமல், இரண்டு எண்களையும் தேதியோடு உள்ளட்டையில் எழுதி வாங்குங்கள். வெறும் வயிற்றில் 7.0 (மில்லிமோல்/லிட்டர் கணக்கில்) அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1 எட்டியிருந்தால் அது இனிப்புநீர் அளவு. இரண்டாவது எண் 7.8-க்கும் 11.1-க்கும் நடுவில் இருந்தால் எல்லையில் நிற்கிறீர்கள். அடுத்த சோதனைத் தேதியையும் அப்போதே கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதியர் மூவர்,
பட்டர்வொர்த், பினாங்கு