சம்மனைப் படித்துச் சொன்ன அண்ணனுக்கு

தாலுகா சட்டப் பணிகள் குழு வாசலில் உட்கார்ந்திருந்த சட்டத் தன்னார்வலர் அண்ணா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் தெருவில் பூ விற்கும் அக்கா மீது வீட்டைக் காலி செய்யச் சொல்லி வழக்கு. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று சம்மனை மடித்து வைத்திருந்தார். ஆஜராகாமல் விட்டால் எக்ஸ் பார்ட்டி, அதாவது நம் தரப்பைக் கேட்காமலே, தீர்ப்பாகிவிடும், பலர் வீட்டை இழப்பது இப்படித்தான்.

யாரும் கேட்காமலே நீங்கள் சம்மனை வாங்கிப் படித்தீர்கள். வாய்தா தேதியை மட்டும் பார்த்தால் போதாது, சம்மன் கைக்கு வந்த 30 நாளுக்குள் எதிருரை, அதாவது வழக்குக்கு நம் எழுத்துப்பூர்வ பதில், தாக்கல் செய்ய வேண்டும் என்றீர்கள். தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், கிடைத்த தேதிக்கு அதுவே சாட்சி என்றீர்கள். எங்களுக்கு இது தோன்றியே இருக்காது! இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது, 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவே போதும் என்று சொல்லி, வருமானச் சான்றுக்கு அலையவிடாமல் மனுவை நீங்களே நிரப்பினீர்கள். குழு நியமிக்கும் வக்கீலுக்குப் பணம் தரக்கூடாது, கேட்டால் குழுவிடம் புகார் கொடுங்கள் என்றும் அக்காவிடம் அழுத்திச் சொன்னீர்கள்.

வக்கீல் கிடைத்துவிட்டார், எதிருரையும் கெடுவுக்குள் தாக்கலாகிவிட்டது. மனமார்ந்த நன்றி அண்ணா. உங்களைத் தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். சம்மனோடு தவிப்பவர்கள் சட்ட உதவி எண் 15100க்கு அழையுங்கள்.